காலிக் கட்டங்கள் நாற்பத்தொன்று

மார்ச் 4
முப்பது வருடம் ஆட்களைக் கேள்வி கேட்டே பிழைத்தவனை இன்று ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதில் ‘தயார்ப் பணிகள்’ என்றொரு பட்டியல்: சராசரி எடு, வரிசைப்படுத்து, சுத்தம் செய், இன்னும் பல. ஒன்றைச் சொடுக்கினால் போதும். “நீங்க யோசிக்கவே வேண்டாம் சார்” என்றார் பயிற்சி தர வந்த அம்மையார். செய்தியாளனுக்கு இதைவிட என்ன பாக்கியம்?

மார்ச் 6
ஆம்புலன்ஸ் சேவையின் ஓராண்டுப் பதிவேடு கிடைத்தது. அழைத்தவர் எண், பகுதி, அழைத்த நேரம், வண்டி போய்ச் சேர்ந்த நேரம். தெற்குப் பகுதியின் ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடலாமா என்று நகர சபை யோசிக்கிறது. வண்டி ஒழுங்காக வருவதில்லை என்று அங்கே ஏற்கெனவே புகார். சபை கூடுவதற்குள் செய்தி வேண்டும் என்கிறார் ஆசிரியர்.

மார்ச் 7
சராசரி கேட்டேன். ‘சில வரிகள் முழுமையாக இல்லை, நீக்கிச் சுத்தம் செய்யவா?’ என்றது. ‘ஆம்’ என்றேன். எந்த அதிகாரியும் எனக்கு இவ்வளவு மரியாதையாகப் பதில் சொன்னதில்லை. ஒன்பது நிமிடம். ஊர் முழுக்க, தெற்கு உட்பட.
ஆசிரியருக்கு வாயெல்லாம் பல். “நீங்களா இருந்தா ஒரு வாரம் அலைஞ்சிருப்பீங்க.”

மார்ச் 9
முதல் பக்கம். ‘ஒன்பதே நிமிடத்தில் ஆம்புலன்ஸ்.’ மனைவி படித்துவிட்டு, தெற்கில் யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டாள். பேப்பரை மடித்து வைத்தேன்.

மார்ச் 10
தெற்கிலிருந்து ஒரு தையல்காரம்மா போன் செய்தார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.
“ஜனவரி பன்னெண்டாம் தேதி எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. வண்டி வரவே இல்ல. பக்கத்து வீட்டுக் கார்ல தூக்கிட்டுப் போனோம், வழியிலயே போயிட்டாரு. அது உங்க ஒன்பது நிமிஷத்துல எங்க சார் இருக்கு?”
சுத்தம் செய்வதற்கு முந்தைய பதிவேட்டைத் திறந்தேன். ஜனவரி 12, அவர் எண், அழைத்த நேரம் 4.10. சேர்ந்த நேரம் — காலி. வராத வண்டிக்கு எவன் நேரம் எழுதுவான்? நான் சுத்தம் செய்தது அந்த மனுஷனைத்தான். என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்!

மார்ச் 11
நிலையத்தை மூடுவதற்கான சபைக் குறிப்பில் ஆதாரமாக என் செய்தி. ஊர் முழுக்க ஒன்பது நிமிடம் என்றால் தெற்குக்குத் தனி நிலையம் எதற்காம். என் பெயரைப் பிழையில்லாமல் அச்சிட்டிருக்கிறார்கள்.

மார்ச் 12
“மென்பொருள் தப்புன்னு மூணாம் பக்கத்துல ஒரு வரி போட்டுடலாம்” என்றார் ஆசிரியர். பாவம், அது கேட்டுவிட்டுத்தானே செய்தது. தப்பு என்னுடையது, வந்தது முதல் பக்கம், திருத்தமும் அங்கேதான் என்றேன். மதியம்வரை இழுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

மார்ச் 13
தயார்ப் பணிகளைக் கடைசிவரை படித்தேன், ஒன்பது நாள் கழித்து. அடியில் ஒன்று: ‘காலிக் கட்டங்களைக் காட்டு.’ நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு தெற்கில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தொலைபேசி எண்.

மார்ச் 14
முதல் பக்கத்தில் திருத்தம். நண்பர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லையாம். நல்லவர்கள்.

மார்ச் 19
நிலையத்தை மூடும் முடிவு ஒத்திவைப்பு. செய்தி ஆறு வரி, ஐந்தாம் பக்கம்.
நாற்பத்தொன்றில் இன்றோடு இருபத்தைந்து வீடுகளில் பேசியாயிற்று. இருபத்தாறாவது எண்ணை மூன்று முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. என் பட்டியலில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். நாளை நேரில் போக வேண்டும்.