யாருக்கும் சொந்தமில்லாத நாள்

அக்டோபர் 3

இந்த மாதம் முழுக்க எனக்கு விடுதலை. வானொலியில் காலை ஏழு மணிக்கு வரும் என் ஒரு நிமிட நிகழ்ச்சி 'இன்று என்ன நாள்', அதை முப்பத்தோரு நாளுக்கும் சேர்த்துப் போன சனிக்கிழமையே பேசி முடித்துவிட்டேன். மாதா மாதம் இப்படித்தான். ஒரே உட்காரலில் மொத்தமும். முதியோர் நாள், விலங்குகள் நாள், தபால் நாள், முட்டை நாள். முட்டைக்குக்கூட ஒரு நாள்! "அக்கா, கொஞ்சம் சிரிச்ச முகமா பேசுங்க" என்று ஒலிப்பதிவுத் தம்பி கெஞ்சினான். வானொலியில் முகம் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் சிரித்துத் தொலைத்தேன். ஒரு தேதிக்கு மட்டும் எங்கே தேடியும் உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி நிரப்பினேன்.

இவர் தினமும் பல் துலக்கிக்கொண்டே கேட்பார். கேட்டுவிட்டு, "இன்னிக்கும் யாரையாவது வாழ்த்தியாச்சா?" என்று நக்கல் வேறு. லிப்ட் பழுது பார்க்கிற மனுஷன். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் நக்கலடிக்க அவருக்கு நான், எனக்கு அவர்.

அக்டோபர் 6

எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் டீ டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. திட்டத்தான் திரும்பினேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன். ஒரு கைதான் மேலே வந்தது. அப்படிக் கேட்க எனக்கு எப்படித் தோன்றியது? தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். பக்கவாதமாம். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பாம். உடனே கொண்டுவந்ததால் ஊசி போட முடிந்ததாம். நேற்று படுக்கப் போகும்போதுகூட ஃபேனைக் குறைக்கச் சொல்லி என்னோடு சண்டை போட்டார்.

நிஜமாத்தான் நடக்குதா இதெல்லாம்?

அக்டோபர் 7

கண் திறக்கவில்லை.

அக்டோபர் 9

நாத்தனார் வந்துவிட்டாள், இவருடைய ஒரே தங்கை. கட்டில் அருகே கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, மணிக்கணக்கில் வேண்டுகிறாள். "அண்ணி, நீங்களும் கொஞ்சம் வேண்டிக்கோங்களேன்" என்றாள். "நீ வேண்டுறதே ரெண்டு பேருக்குத் தாங்கும்" என்றேன். கடவுளோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை. அப்படியே ஏதாவது இருந்தாலும் அது நல்ல வார்த்தையாக இருக்காது.

அப்புறம்தான் அந்தக் கண்றாவி. நர்ஸ் தன் மேசையில் வானொலியைப் போட்டாள். என் குரல். "வணக்கம்! இன்று தபால் நாள்! ரொம்ப நாளாய் மனசில் இருக்கிற ஒருவருக்கு நாலு வரி எழுதிப் போடுங்களேன்!" அடிப் பாவி, யாரடி நீ? என்ன சிரிப்பு, என்ன குதூகலம்! இங்கே இவர் மூக்கில் குழாய். அங்கே நான் ஊருக்கெல்லாம் தபால் போடச் சொல்கிறேன். ஓடிப்போய் அதை அணைக்க வேண்டும் போலிருந்தது.

அதைக் கேட்டபோதுதான் பொறி தட்டியது. இந்த மாதம் 29ஆம் தேதி பக்கவாத நாள். வாய் கோணுகிறதா பாருங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், பேச்சு குழறினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்: அதை நான்தான் பேசி வைத்திருக்கிறேன். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்ட எரிச்சலில், கடகடவென்று. எழுதியிருந்ததைப் படித்தேன், அவ்வளவுதான். அதுவா அன்றைக்கு என் வாயில் வந்தது? வராண்டாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 12

கண் திறந்தார்! என்னைப் பார்த்தார். அப்புறம் எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தார்.

அக்டோபர் 15

பேசினார்.

தங்கை இருமியதும், "பாப்பா, மருந்து சாப்பிட்டியா?" என்றார். வாய் குழறினாலும் தெளிவாகப் புரிந்தது. அவள் அழ, நான் அழ. நான் அவர் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டார். வெளியே லிப்ட் நின்ற சத்தம் கேட்டு, "கதவு உரசுது, எண்ணெய் போடணும்" என்றார். லிப்ட்டைத் தெரிகிறது. என்னைத் தெரியவில்லை.

"நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றேன், சும்மா விளையாட்டுப் போல. என் முகத்தைப் பார்க்காமல், குரலை மட்டும் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"ரேடியோல பேசுறவங்கதானே நீங்க? காலையிலகூடக் கை கழுவச் சொன்னீங்களே. இவ்வளவு தூரம் என்னைப் பார்க்க வந்தீங்களா?"

வந்தீங்களா! என்னைப் போய் 'நீங்க, வாங்க' என்கிறார்! இன்றைக்குக் கை கழுவும் நாள், காலையில் நர்ஸ் மேசை வானொலியில் கேட்டிருக்கிறார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள்: "முகம் பார்த்தா அவருக்கு ஆள் பிடிபடலைம்மா. நடுவுல பல வருஷம் கலைஞ்சும் போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பலாம். எவ்வளவு திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

உயிரோடு இருக்கிறார். சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். ஆனா எனக்கு என் புருஷன் வேணும்.

அக்டோபர் 16

இன்றைக்கு உணவு நாளாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 18

கல்யாணப் படத்தைக் காட்டினேன். "பையன் நல்லா இருக்கான்" என்றார். பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 21

காலையில் அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் மேசையிலிருந்து நான் பேசினேன். "வணக்கம்! இன்று என்ன நாள் தெரியுமா? எதுவும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத நாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்!"

வாய்க்கு வந்ததைச் சொல்லி நிரப்பினேனே, அந்தத் தேதி. துணி கையிலேயே நின்றுவிட்டது. இந்த மாதத்தில் எதுவும் தேடாமல், எதையும் பார்த்துப் படிக்காமல் நானாகச் சொன்னது இது ஒன்றுதான். அதை எனக்கே சொல்கிற மாதிரி இருந்தது. யார் சொல்கிற மாதிரி? அதுதான் பிடிபடவில்லை.

இந்த மாடிக் கோடியில் ஒரு பிரார்த்தனை அறை இருக்கிறது. படம் இல்லை, விளக்கு இல்லை, நாலைந்து நாற்காலி. இதுவரை போனுக்குச் சார்ஜ் போடத்தான் போயிருக்கிறேன். இன்றைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். என்ன கேட்பது? பழைய மனுஷனைத் திருப்பிக் கொடு என்று கேட்க வாய் எடுத்தேன், வரவில்லை. "சரி. இந்த நாளை நான் எடுத்துக்கிறேன்" என்றேன், சத்தமாகவே. வேறு பேச்சு வரவில்லை. அழுகை மட்டும் வந்தது, வந்து ஓய்ந்தது. வெளியே வந்தபோது பசித்தது. ஆஸ்பத்திரிக் கடையில் அந்த நேரத்துக்கு இட்லி தீர்ந்திருந்தது. ரொட்டியும் பழமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தால் இவர் விழித்திருந்தார். "நீங்க சொன்னீங்கல்ல, வேண்டியவங்க எடுத்துக்கலாம்னு. நான் எடுத்துக்கிட்டேன்."

"நானும் எடுத்துக்கிட்டேனே."

"ஒரு நாளை ரெண்டு பேர் எடுத்துக்கலாமா?"

"பெரிய நாள்தான். ரெண்டு பேருக்கும் காணும்" என்றேன்.

சிரித்தார். கோணல் சிரிப்பு. அவர் சிரித்தே பதினைந்து நாளாயிற்று.

அக்டோபர் 22

ஒரு கைத்தடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தார். "உங்களுக்கு நேரமாகலையா, ரேடியோவுக்குப் போகணுமே" என்று என்னைப் பற்றிக் கவலை.

அக்டோபர் 28

ஒலிப்பதிவுத் தம்பி போன் செய்தான். "அக்கா, நாளைக்குப் பக்கவாத நாள் வருது. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், எடுத்துட்டு வேற போட்டுடட்டுமா?" தயங்கித் தயங்கிக் கேட்டான், நல்ல பிள்ளை.

"அதுல கை வெச்சே, கொன்னுடுவேன்" என்றேன். அவசரத்தில் கடகடவென்று சொன்னதுதான். இருக்கட்டும். எந்த வீட்டிலாவது, எவளாவது ஒருத்தி, டம்ளர் விழுந்ததைத் திட்டத் திரும்புவாள்.

'நன்றி' என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன். யாருக்கு என்று போடக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதியதை அடிக்கப் போவதில்லை.

அக்டோபர் 30

நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்கு?

நாத்தனார் கேட்டதில் தப்பு இல்லை. "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணனுக்கு என்னைத் தெரியுது. தெரியாத இடத்துல பயந்துடுவாரு. கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டுமே." என் வீடு அவருக்குத் தெரியாத இடமா? ஆமாம், தெரியாத இடம்தான். அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள். இங்கேயே தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். டாக்டரம்மா, "அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டாள்.

கேட்டோம். ரொம்ப நேரம் யோசித்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மனசுக்குள் வேண்டினேன், ஆமாம், நான்தான், வெட்கத்தை விட்டு வேண்டினேன்.

"பாப்பா, உன் வீட்ல எல்லாரும் ஒரே சமயத்துல பேசுவீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க வீட்ல காலையில நீங்க மட்டும்தானே பேசுவீங்க?"

"நான் மட்டும்தான்."

"அப்ப அங்க வர்றேன். உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா."

நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டாள். யார் யாரைத் தேற்றினோம் என்று சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் 31

வந்துவிட்டோம். விருந்தாளி மாதிரி செருப்பை வாசலிலேயே ஓரமாகக் கழற்றி வைத்தார். "வீடு நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். அவருக்குக் கட்டில், எனக்குக் கூடத்தில் பாய்.

நவம்பர் 1

இனிமேல் மொத்தமாகப் பேசி வைப்பதில்லை, அன்றன்றைக்குப் போனிலேயே பேசுகிறேன் என்று தம்பியிடம் சொல்லியாயிற்று. ஏழு மணிக்குச் சமையலறையில் நின்றுகொண்டே என் ஒரு நிமிடத்தைப் பேசினேன். இவர் கைத்தடியோடு வந்து கதவோரம் நின்று கவனமாகக் கேட்டார். நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"ஏய்! பால் பொங்குது, பாரு!"

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என்னைக் கூப்பிட்ட பெயர் அந்த 'ஏய்' ஒன்றுதான்.

அவரும் திடுக்கிட்டுப் போனார். "மன்னிச்சுக்கோங்க, எப்படியோ சட்டுனு வாயில வந்துடுச்சு" என்றார்.

"பரவாயில்லை" என்றேன். பால் மொத்தமும் அடுப்பில் போய்விட்டது.