மூட்டை இருந்தால் தங்கும் பிள்ளை

சேசு மரி சூசை

ஓசூர்
12-8-68

அன்புள்ள அருள்மேரிக்கு,

இங்கே நானும் பிலோமியும் சைக்கிளும் சுகம். சைக்கிளுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். இப்படி எழுதிய பிறகுதான் இருமலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுக்கு எழுதுகிறேன் என்று உறைத்தது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் அதற்குக் கீழே என்ன இருந்தது என்று நீ ஆஸ்பத்திரி விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாய். ஆகையால் அப்படியே விடுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பிள்ளையை ராத்திரியில் பள்ளிக்கூடத்தில் படுக்க வைக்கிற மனுஷனை நம்பி இந்த மலையில் கிடக்கமாட்டேன், பெட்டியைக் கட்டிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். முதலில் பெட்டியை அவிழ். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஊசி தப்பக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். நடுவில் எழுந்து போனால் உனக்கும், உன்னோடு படுக்கிற பிள்ளைக்கும் என்ன ஆகும் என்று அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். எட்டாவது வரை படித்துவிட்டு, பாகலூர் தாண்டி இருக்கிற செக்போஸ்டில் ஒரு மூங்கில் கழியைத் தூக்குவதும் இறக்குவதும். மைசூர்ப் பக்கம் போகிற வண்டியில் கடத்தல் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது இன்ஸ்பெக்டர் வேலை. அவர் தலையாட்டினால் நான் தூக்குவேன். நானாக ஒரு நாளும் ஒரு முடிவும் எடுத்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான் என்று நீ சொல்வாய்.

ராத்திரி முறைக்காரன் மாதப்பன், உத்தனப்பள்ளியில் தங்கச்சிக்குக் கல்யாணம் என்று அடிக்கடி லீவு போடுகிறான். அவனுக்கு எத்தனை தங்கச்சிகளோ. அவன் வராத நாளில் பகலும் இரவும் சேர்த்து நான்தான் நிற்கவேண்டும். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நான் வருகிற வரைக்கும் பக்கத்து வீட்டு நாராயணம்மா பிலோமியைப் பார்த்துக்கொள்கிறாள். ராத்திரிக்கு அவள் வீட்டில் இடம் கிடையாது. அவள் மருமகன் காலை நீட்டினால் தலை நம் சுவரில் இடிக்கிறது.

சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் நடப்பது நீ நினைக்கிற போர்டிங் இல்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், வீட்டில் ஆள் இல்லாத ராத்திரி, தையல் அறையில் பாய் போட்டுக் கொடுக்கிறார்கள். மனு, கையெழுத்து ஒன்றும் கிடையாது. காலையில் பிள்ளை ஒரு மூட்டை கொண்டுபோக வேண்டும். ஜமக்காளம், தட்டு, டம்ளர், மாற்றுத்துணி. தாழ்வாரத்துப் பலகையில் மூட்டை இருந்தால் அந்தப் பிள்ளை தங்குகிறது என்று அர்த்தம். மூட்டை இல்லாத பிள்ளை நாலு மணிக்கு மற்றவர்களோடு வெளியே. சமையற்கார சென்னம்மா மூட்டைகளைப் பார்த்துத்தான் களிக்கு மாவு அளக்கிறாள்.

நீ கூடாது என்று எழுதியது கைக்கு வருவதற்குள் ஒரு ராத்திரி தங்கியும்விட்டாள். உன் பெயர் வெட்டிய தட்டைத்தான் கட்டிக் கொடுத்தேன். அம்மா தட்டு என்று தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். வாயடக்கத்தில் உன் மகள். என்னைக் கொண்டு பிறக்கவில்லை, அந்தமட்டில் நல்லது.

உன் பதில் வருகிற வரைக்கும் சாப்பிடமாட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நாராயணம்மா கருவாட்டுக் குழம்பு கொடுத்திருக்கிறாள்.

தேவமாதா உன் கட்டிலுக்குக் காவலிருக்கட்டும்.

உன் கழிதூக்கி,
ராயப்பன்


பாகலூர் செக்போஸ்ட்
29-8-68, விடியற்காலை

அன்புள்ள அருள்மேரிக்கு,

துணிமணிகளை வெளியே எடுத்துவிட்டாய் என்று படித்துச் சந்தோஷம். ஆனால் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயேதான் இருக்கிறது, பிள்ளைக்கு ஒரு குறை என்று காதில் விழுந்தால் மறுநாள் பஸ் ஏறிவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறாய். ஒரு குறையும் இல்லை.

மாதப்பனின் இன்னொரு தங்கச்சிக்குக் கல்யாணம். நேற்றுக் காலையிலிருந்து நான்தான். இப்போது கிழக்கு வெளுக்கிறது. வண்டி இல்லை. இந்நேரம் பிலோமி தையல் அறையில் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். நேற்றுக் கிளம்பும்போது அவளை நாராயணம்மாவிடம் விட்டு, வீட்டைப் பூட்டி, மூட்டையைக் கட்டி அவள் கண்ணில் படுகிற மாதிரி வெளியே கதவோரம் வைத்துவிட்டு வந்தேன். இதோ என்னை மாற்றிவிட வருகிற முனிசாமி வந்ததும் கழியை அவனிடம் கொடுத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் அவளுக்கு ஒரு பன் வாங்கிக்கொண்டு போகவேண்டும். மீதியை வீட்டில் எழுதுகிறேன்.

31-8-68, வீட்டில்

அருள்மேரி, மேலே உள்ளதைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு கடிதம் எழுதியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் உன் அண்ணன் சூசை உன்னைப் பார்க்க வருகிறார். நாராயணம்மா அவரிடம் சொல்லாமல் இருக்கமாட்டாள். அவர் வாயால் கேட்பதைவிட நீ என் கையெழுத்தில் படிப்பது மேல். நெஞ்சு அடித்துக்கொண்டால் இந்தக் கடிதத்தின் அடிக்குப் போய், அங்கே இருப்பதை முதலில் படி. அது என் கையெழுத்து இல்லை. படித்துவிட்டு மறுபடி இங்கே வா.

பன்னோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சென்னம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், ஏனப்பா ராயப்பா, இவ்ளோ வெள்ளனா வந்துட்ட, மகள் எங்கே என்றாள். என்னைக் கேட்டால்? நேற்றிலிருந்து உங்களிடம்தானே இருக்கிறாள் என்றேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள். உன் மகள் மூட்டை நேத்து வரவே இல்லையே, நாலு மணிக்கே எல்லாரோடயும் அனுப்பிட்டமே என்றாள்.

யோசித்துப் பார். நான் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் அவள் வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்தது. ஒரு ராத்திரி முழுவதும் அந்தப் பிள்ளையை உலகத்தில் ஒருவரும் தேடவில்லை.

பெரிய சிஸ்டர் ஓடிவந்தார்கள். மூட்டை இருந்தா நாங்க விடுவமா ராயப்பன், மூட்டை இல்லியே ராயப்பன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோவிலுக்கு ஒரு ஆள், பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஆள் அனுப்பினார்கள். நான் வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன்.

மாட்டாஸ்பத்திரிச் சுவருக்குப் பின்னால் உண்ணிச்செடி முட்புதர் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு ஆடு எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. நம் ஜமக்காளம். அதற்குள் இருந்து தட்டு உருண்டு வெளியே விழுந்தது, உன் பெயரோடு. பிலோமி, பிலோமி என்று கத்தினேன். ஆடுதான் திரும்பிப் பார்த்தது. புதருக்குள் கையை விட்டுத் தேடினேன். எதைத் தேடினாய் என்று என்னைக் கேட்காதே. கை முழுவதும் கீறல். இப்போதும் பேனா பிடிக்க எரிகிறது.

வீட்டில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. நாராயணம்மா வீட்டிலும் பூட்டு. எதிரே பொரிகடை வெங்கடப்பனைக் கேட்டேன். அவுங்க நேத்து சாயந்தரமே ஜாத்திரைக்குப் போய்ட்டாங்களே என்றான். அவள் அக்கா ஊர்த் திருவிழா, எல்லை தாண்டி மாலூர் ரோட்டில். என் மகளைப் பார்த்தாயா என்றேன். கூட்டத்துல ஒரு புள்ள இருந்துச்சு, உம் பொண்ணாட்டம்தான் இருந்துச்சு, அவுங்க பேத்தியா இருந்தாலும் இருக்கும் என்றான். அவன் கழுத்தைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. பாவம், அவன் பொரி விற்கிறவன்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மாலூர் போகிற சாயங்கால பஸ் என் கழிக்கு முன்னால்தான் வந்து நின்றது. ஜன்னலில் நாராயணம்மா. கையை ஆட்டினாள். மடியைச் சுட்டிக் காட்டி என்னவோ சைகை செய்தாள். ஜாத்திரைக்குக் கோழி கொண்டுபோகிறாளாக்கும் என்று, எனக்கும் ஒரு கால் எடுத்து வை என்று நானும் சைகை காட்டிச் சிரித்தேன். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். தூக்கினேன். ஒரு படி அரிசிக்கு மடியை அவிழ்த்துப் பார்க்கிற செக்போஸ்ட் அது. அந்த மடியில் இருந்தது கோழியா என் மகளா என்று எனக்குத் தெரியவில்லை.

வந்த வழியே திரும்பி மிதித்தேன். செயின் கழன்று கழன்று விழுந்தது. அருள் நிறைந்த மரியே என்று செபம் தொடங்குவேன். தொடக்கத்திலேயே உன் பெயர் வந்துவிடுகிறது. அதற்கு மேல் போக முடியவில்லை. மகள் எங்கே என்று நீ கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு தட்டும் ஒரு பன்னும்தான் இருந்தன.

செக்போஸ்ட் கண்ணுக்குத் தெரிந்தபோது எதிரே மாலூர்ப் பக்கமிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வருகிற வண்டியை நாங்கள் நிறுத்துவதில்லை. கழி மேலேதான் நின்றது. முனிசாமி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். பஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் கயிற்றை இழுத்துக் கழியை இறக்கினேன்.

பஸ் கழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. டிரைவர் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினான். மூன்றும் எனக்குப் புரிகிறதே, இந்த ஊரில் இருக்கிற பாவம். இன்ஸ்பெக்டர் வெளியே ஓடிவந்து, யோவ் ராயப்பா, வர்ற வண்டிய யாருய்யா நிறுத்தச் சொன்னது என்று கத்தினார். யாரும் சொல்லல சார் என்றேன்.

ஏறிப் பார்த்தேன். பின்சீட்டில் நாராயணம்மா கும்பல். அவள் பக்கத்தில் இரண்டு கையிலும் பச்சை வளையல், வாயெல்லாம் மிட்டாய்ச் சிவப்பு, உன் மகள். என்னைக் கண்டதும் சீட்டுக்கு அடியில் போய்விட்டாள். நான் அங்கேயே வெங்காயக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். நாராயணம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னிக்குப் போர்டிங் இல்லைன்னு புள்ள சொல்லுச்சு, பூட்டின வீட்டுவாசல்ல விட்டுட்டுப் போறதா, நேத்தே உனக்குக் காமிச்சேனே ராயப்பா, நீயும் சரின்னு தலையாட்டிச் சிரிச்சியே என்றாள். பள்ளிக்கூடத்துக்கு ஆள் சொல்லியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

பிலோமியை நான் அன்று அடிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுக் காலை தலை பின்னிவிடும்போது (என் பின்னலைப் பார்த்தால் நீ சிரிப்பாய், கயிறு திரித்தது மாதிரி இருக்கிறது) தானாகச் சொன்னாள். முதல் தடவை தங்கிய ராத்திரி பாயை நனைத்துவிட்டாளாம். பேரிகை ஊரிலிருந்து வருகிற சாராள் என்கிற பெண் மூக்கைப் பிடித்துக் காட்டினாளாம், எல்லாரும் சிரித்தார்களாம். அதனால்தான் மூட்டையைப் புதரில் தள்ளிவிட்டுப் போனாள். செக்போஸ்டில் என்னைப் பார்த்ததும், மறுபடி அங்கேயே அனுப்பிவிடுவேன் என்று பயந்து நாராயணம்மா மடியில் கவிழ்ந்துகொண்டாள். அம்மான்னா யாருக்கும் தெரியாம பாவாடை மாத்திவிடும் என்றாள். நான் பின்னலை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னினேன்.

நேற்று நானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். இனி மூட்டையைத் தகப்பன் கையால்தான் வாங்குவோம் என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். சென்னம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். தையல் அறைப் பாய்கள் அத்தனையையும் வெளியே இழுத்துப்போட்டு, ஒன்று விடாமல் குடத்துத் தண்ணீரைக் கொட்டி, வெயிலில் காயவிட்டாள். சாராளைக் கூப்பிட்டு, இதுல எது யாருது, சொல்லு பாக்கலாம் என்றாள். அந்தப் பெண் முழித்தது. பிலோமி என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை. ஆனால் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

திங்கட்கிழமை மறுபடி பகல் முறை, ராத்திரி முறை இரண்டும் எனக்குத்தான். மாதப்பன் இன்னும் திரும்பவில்லை. முடியாது என்று சொல்லிவிடலாம், வேலை போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன். நேற்று ராத்திரி பிலோமியிடமே கேட்டேன், அம்மாவை வரச் சொல்லி எழுதட்டுமா என்று. கேட்டிருக்கக்கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் வளையலைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு ஊசி எல்லாம் போட்டாச்சா என்றாள். இல்லை, கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கி இருக்கிறது என்றேன். வளையலோடேயே படுத்துவிட்டாள். இன்று காலையில் நான் இதை எழுத உட்கார்ந்ததும், அடியில் எனக்கு இடம் விடுங்கப்பா என்றாள். விட்டிருக்கிறேன்.

பெட்டியைப் பற்றி நான் இனி எழுதமாட்டேன். ஒரு தடவை நானாகக் கழியை இறக்கியதே எனக்கு இந்த வருஷத்துக்குப் போதும். தட்டில் ஒரு நெளிவுகூட இல்லை, கழுவி வைத்திருக்கிறேன். தேவமாதா உன் கட்டிலை விட்டு நகராதிருக்கட்டும். நீயும் நகராதே.

உன்,
ராயப்பன்

அம்மா நான் வீட்டில் இருக்கிறேன். திங்கட்கிழமை மூட்டை கொண்டுபோவேன். நீ பெட்டி கட்டாதே. பிலோமி.