தழும்பைப் பற்றிக் கேட்டால்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சொன்னபடி பட்டறை விலாசத்துக்கே எழுதுகிறேன். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. நாள் முழுக்க இரும்பை ஒட்டவைக்கிறவனுக்கு ஒரு தபால்தலை ஒட்ட முடியவில்லையா?

உன் மனைவியிடம் சொல்லிவிட்டாயா? நீ சாரத்திலிருந்து விழுந்து மண்ணீரல் கிழிந்ததையும், உயிர் பிழைக்க அதை எடுத்ததையும் அவள் தெரிந்துகொண்டாக வேண்டும். நர்ஸ் என்கிற முறையில் வாயில் நுரை தள்ளச் சொல்லியாகிவிட்டது, இன்னும் ஒருமுறை சொல்கிறேன். கிழடுதட்டிய ரத்த அணுக்களைப் பொறுக்கும் வேலையைக் கல்லீரல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ரத்தத்தில் நுழைந்த கிருமியை வடிகட்டிப் பிடிக்க மண்ணீரலைப் போல வேறொன்று கிடையாது. உனக்குக் காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. நினைவு தடுமாறினால் உனக்காகப் பேசப்போகிறவள் அவள்தான்.

அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

திட்டினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம். நீ முன்பே சொன்ன தடுப்பூசி போட்டுக்கொண்டேன். மண்ணீரல் இல்லை என்று நீ எழுதிக்கொடுத்த அட்டை என் கருவிப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

தழும்பைப் பற்றிக் கேட்டாள். குடலில் சின்ன ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன். முதலில் பேசிய பெண் வீட்டாரிடம் உண்மையைச் சொன்னோமே, என்ன கிடைத்தது? "உள்ள ஒண்ணு கொறயிற பையனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது?" என்று நம் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். இவள் தையல் கடையில், "எங்க வீட்டுக்காரருக்கு இரும்பு உடம்பு" என்று பெருமை பேசுகிறாளாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. நீயும் அவளுக்கு எழுதிவிடாதே. என் மேல் ஆணை.

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

உன் பிப்ரவரிக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. பதிலே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பாய்?

நேற்று அவளுக்கே எழுதினேன். உறையில் போட்ட பிறகு கிழித்துவிட்டேன். அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருவன்தான். நீயும் பேசாமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது. கெஞ்சிக் கேட்கிறேன், நீயே சொல்லிவிடு.

அக்கா

மே 6

அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். காரியத்தன்று நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் அழுதீர்கள். நேற்று பட்டறை முதலாளி அவருடைய கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையும் உங்கள் கடிதங்களும் அதில் இருந்தன.

காய்ச்சல் வந்த அன்று காலையில் குளிருகிறது என்றார். "சாதாரணக் காய்ச்சல்தான், மாத்திரை போட்டா சரியாயிடும். நீ வேலைக்குப் போ" என்றார். போனேன். மூன்று ரவிக்கை தைத்தேன். மதியம் வந்து பார்த்தபோது பேச்சு குழறியது, கைகால் சில்லிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் தழும்பைப் பார்த்த டாக்டர், "இது என்ன ஆபரேஷன்?" என்று கேட்டார். நீங்கள் எழுதியிருக்கிறபடி அவருக்காக நான்தான் பேசினேன். "குடல்ல சின்னதா ஏதோ பண்ணாங்களாம்" என்றேன். சாயங்காலத்துக்குள் போய்விட்டார்.

அவர் வெட்கப்பட்டு மறைத்திருப்பார். புருஷன் என்று அதையாவது பொறுத்துக்கொள்வேன். நீங்கள் நர்ஸ். என்ன நடக்கும் என்று தெரிந்தவர். எனக்கு எழுதிக் கிழித்தீர்களே, அது வந்திருந்தால் அன்று நான் வேலைக்குப் போயிருக்க மாட்டேன்.

இனி எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் தம்பியின் மனைவி