நான் கையெழுத்திட்ட மருத்துவச்சி

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாற்பத்துமூன்று தாள்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் சுவருக்குள் அடங்குகிறதா, அறைகளின் அளவைக் கூட்டினால் கட்டடத்தின் அளவு வருகிறதா என்று பார்த்து, வலது கீழ்மூலையில் 'சரிபார்த்தது' என்ற கட்டத்துக்குள் என் சுருக்கொப்பத்தைப் போட வேண்டும். இந்த வரைபட அலுவலகத்தில் இரண்டு வருடமாக இதுதான் வேலை. ஒரு நாளில் நான் பேசும் வார்த்தைகளை எண்ணினால் தாள்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் ஸ்கேல் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். மூத்த வரைவாளர். ஆறடிக்கு மேல் உயரம், எதைப் பேசினாலும் கையில் இரும்பு ஸ்கேல். இந்தப் பெயர் இந்த நோட்டுக்குள் மட்டும்.

"தங்கச்சி, சனிக்கிழமை மத்தியானம் என்ன பண்றீங்க?"

அரைநாள் வேலை முடிந்ததும் மீட்டிங் ரூமில் அவர்கள் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள் என்று தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்டிருக்கிறேன். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு குகைக்கும் கோட்டைக்கும் போவார்கள். கட்டுமான இடங்களைப் பார்த்துக்கொள்ளும் சைட் சார் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார், மற்றவர்கள் 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள், செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

"எங்களுக்கு ஒரு ஆள் குறையுது" என்றார். அவர் முடிப்பதற்குள் "சரிண்ணா" என்றுவிட்டேன். இரண்டு வருடத்தில் என் சனிக்கிழமையைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

மார்ச் 5, புதன்

சைட் சார் விதிப் புத்தகத்தைக் கொடுத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையில் அரக்கன் படம் என்பதால் நாளிதழ்த் தாளில் அட்டை போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "டிகிரி வாங்கி ரெண்டு வருஷமாச்சு, இன்னும் என்ன பரீட்சை?" என்றாள். எங்கள் வீட்டில் தடிமனான புத்தகம் என்றால் பரீட்சை.

வேஷங்களில் ஒன்பது வகை. போர்வீரனுக்குப் பத்துப் பக்கம், மந்திரவாதிக்கு இருபத்திரண்டு. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் வேவுக்காரி. எல்லோருக்கும் முன்னால் தனியாகப் போவாள், பார்ப்பாள், திரும்பி வந்து சொல்வாள். காலடிச் சத்தம் இருக்காது. எந்த அறையிலும் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். "ஏன் இப்படி உம்முனு இருக்கே?" என்றுதான் இதுவரை அதற்குப் பெயர். ஒரு புத்தகம் அதையே திறமை என்று சொல்லி மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

வேவுக்காரி. நாளைக்குச் சாப்பாட்டு வேளையில் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

சொல்லவில்லை.

டப்பாவைத் திறப்பதற்குள் அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்கேல் கோடரி வீரன், கணக்கர் வாள் வீரன், ரிசப்ஷன் அக்கா நெருப்பு வீசும் மந்திரவாதி. மூன்று பேரும் அடிக்கிற ஆட்கள். பதினோரு மாதமாகச் செத்துச் செத்து வேறு வேஷம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அக்காவின் மந்திரவாதி மட்டும்தான் முதல் நாளிலிருந்து உயிரோடு இருக்கிறாள்.

"கட்டுப்போட ஒரு ஆள் இருந்தா போதும், பாதிப் பிரச்சினை தீந்துடும்" என்றார் கணக்கர்.

"இவங்க மருத்துவச்சி. வேற பேச்சே இல்ல" என்றார் ஸ்கேல். "முகத்தைப் பாருங்க, பாத்தாலே காய்ச்சல் இறங்கிடும்."

அக்கா மட்டும், "ஏம்மா, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். மூன்று முகங்களும் என்னைப் பார்த்தன. வாயில் இருந்த சோற்றை மென்றேன். விழுங்கி முடிப்பதற்குள் அவர்கள் குகை வாசலுக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் லைசென்ஸ் புதுப்பிக்கிற படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து வீட்டு அத்தையின் பென்ஷன் கடிதம். அப்பா டைல்ஸ் வேலை முடித்து வந்த கையோடு, கடைக்காரர் அனுப்பிய மெயிலைப் படித்துக் காட்டச் சொல்கிறார். "நீதானே படிச்சவ." வீட்டில் முதல் டிகிரி வாங்கினால் அது எல்லோருக்கும் சேர்த்து வாங்கியதாகிவிடுகிறது. எங்க ஓட்டை இருக்கோ அங்க என்னைக் கொண்டுபோய் அடைக்கிறாங்க. எனக்கு என்ன வடிவம்னு யாராச்சும் கேட்டாங்களா?

அக்கா கேட்டாள். நான்தான் மென்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 8, சனி

போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். "நான் வேவுக்காரியா இருக்கணும்." மூன்றே வார்த்தைதான்.

உட்கார்ந்ததும் சைட் சார் ஒரு தாளை நீட்டினார். வேஷத்தின் பெயர், வலிமை, வேகம், மருந்துப் பை எல்லாம் நிரப்பியிருக்கிறது. வகை: மருத்துவச்சி. வலது கீழ்மூலையில் கட்டம். கட்டத்துக்குள் என் சுருக்கொப்பம்.

என்னுடையதுதான். நேற்று சாயங்காலம் ஸ்கேல் இதை அலுவலகத் தாள் மாதிரியே சட்டம் போட்டு அச்சடித்து, சரிபார்ப்புக் கட்டின் நடுவில், படிக்கட்டுத் தாளுக்கும் குளியலறைத் தாளுக்கும் இடையில் செருகியிருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டு அடுத்ததைத் திருப்பியிருக்கிறேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன், அதுதான் எரிச்சல். "ஒப்பம் விழுந்தா விழுந்ததுதான். செத்தாத்தான் வேற வேஷம்" என்றார் சைட் சார். அது அவர்கள் விதி.

ஸ்கேல் ஒவ்வொரு கதவையும் எட்டி உதைத்தார். உள்ளே என்ன இருக்கிறதோ அது அவரைக் கடித்தது. நான் கட்டுப்போட்டேன். மூன்று கதவு, மூன்று கட்டு.

மார்ச் 9, ஞாயிறு

சரிபார்க்கிறதுதான்டி உன் வேலையே.

மார்ச் 15, சனி

ஆறு கட்டு. "மருத்துவச்சி, மருந்து" என்று ஓட்டலில் தண்ணீர் கேட்கிற மாதிரி கேட்கிறார்கள்.

அது போகட்டும். நடந்தது வேறு. ஒரு கூடத்துக்குள் போனோம். சைட் சார் சொல்லிக்கொண்டே வந்தார்: "தரை முழுக்கத் தூசி. கதவுக்கு முன்னாடி ரெண்டடிக்கு மட்டும் சுத்தமா இருக்கு." சொல்லிவிட்டு ஜன்னல், திரைச்சீலை என்று மேலே போய்விட்டார். எனக்கு உடனே புரிந்தது. தூசி நிற்கவில்லை என்றால் அந்தத் தரை அடிக்கடி திறக்கிறது. கீழே பள்ளம்.

வாயைத் திறந்தேன். ஸ்கேல் அதற்குள், "உதைக்கிறேன்" என்றார். அக்கா, "நான் அவருக்குப் பக்கத்துல நிக்கிறேன், நெருப்போட" என்றாள். இரண்டு பேரும் விழுந்தார்கள். ஸ்கேலுக்குக் கால் முறிந்தது. மந்திரவாதி செத்துப் போனாள். செத்தவர்களுக்கு என் பையில் மருந்து கிடையாது.

"பரவால்ல, அவளுக்கும் வயசாச்சு" என்று அக்கா சிரித்தாள். பிறகு, கழுவிவைத்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு மறுபடி கழுவப் போனாள். ரொம்ப நேரம் குழாய்ச் சத்தம் கேட்டது.

எனக்குத் தெரிஞ்சிருந்தது. தெரிஞ்சும் சும்மா இருந்தேன். கூச்சம்னு இதுக்குப் பேர் வெச்சுக்கிட்டா சரியாப் போயிடுமா?

மார்ச் 16, ஞாயிறு

துணி காயப்போடும்போது திடீரென்று தோன்றியது. கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

மருத்துவச்சித் தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். சரி. அந்தக் கட்டில் அது ஒன்றுதானா நான் பார்க்காமல் போட்டது?

மார்ச் 17, திங்கள்

ஏழாம் தேதிக் கட்டின் நகல்களை எடுத்து முதலிலிருந்து பார்த்தேன். முப்பது தாள் சரி. முப்பத்தொன்று படிக்கட்டு. மாடிக் கிளினிக். படி பாதியில் திரும்பும் இடத்துக்கு அடியில் பின்வாசலுக்குப் போகிற வழி. தரையிலிருந்து மேலே ஏழடி உயரம் இருக்க வேண்டும். கூட்டினால் ஐந்தே முக்கால்தான் வருகிறது.

மூன்று தடவை கூட்டினேன். ஐந்தே முக்கால்.

வரைந்தவர் ஸ்கேல். சரிபார்த்தவள் நான். தாள் சைட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. இரண்டு படி முன்னால் ஆரம்பித்தால் சரியாகிவிடும், ஆனால் கான்கிரீட் போடுவதற்கு முன்னால். என்றைக்குப் போடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். சைட் சாரின் அறை வாசல்வரை போய், தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். இரண்டு தடவை. வேலை நேரம் முடிந்து அவர் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அக்காவின் மந்திரவாதி செத்தது விளையாட்டில். கிளினிக் விளையாட்டா?

மார்ச் 18, செவ்வாய்

சொன்னேன். காலை ஒன்பது ஐந்துக்கு, பையைக்கூட இறக்கிவைக்காமல்.

"சார், முப்பத்தொண்ணாம் தாள் தப்பு. நான் பாக்காம ஒப்பம் போட்டுட்டேன்."

சைட் சார் தாளை வாங்கவில்லை. போனை எடுத்தார். பலகை அடித்தாகிவிட்டது, கம்பி கட்டியாகிவிட்டது, கலவை லாரி நாளைக் காலைக்கு. "நிறுத்து. எல்லாத்தையும் நிறுத்து" என்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

ஸ்கேல் வந்தார். "என் டிராயிங்லயா?" என்று ஆரம்பித்தவர், தாளைப் பார்த்ததும் அடங்கினார். இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தார். திருப்பி வைத்து அளந்தார். பிறகு தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "இதுல மொதல்ல இடிபடறது என் மண்டைதான்."

முதலாளியம்மா எங்களை நிற்கவைத்தாள். "யார் ஒப்பம் இது?"

"என்னுதுங்க மேடம்."

எதையாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்கேல்தான் தொண்டையைச் செருமினார். "மேடம், அன்னைக்கு நான் அந்தக் கட்டுல ஒரு விளையாட்டுத் தாளைச் செருகி வெச்சேன். போன மாசமே ரெண்டு பேர் வேலைய இவங்க ஒருத்தர்கிட்ட தள்ளிட்டோம். நாப்பது தாள் ஒரு நாள்ல பாக்க முடியாதுன்னு எங்களுக்கும் தெரியும்."

முதலாளியம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "முடியலன்னா நீ ஏன் சொல்லல?" என்று கேட்டாள். திட்டு மாதிரி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மார்ச் 19, புதன்

அறிவிப்புப் பலகையில் புதுத் தாள்: ஒரு நாளைக்கு இருபத்தைந்துக்கு மேல் சரிபார்ப்புக்கு வராது. பார்க்காமல் இட்ட ஒப்பம் செல்லாது, அந்தத் தாள் மறுபடி சரிபார்ப்புக்கு வர வேண்டும்.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

மார்ச் 22, சனி

சிவப்புப் பென்சில் கொண்டுபோனேன்.

மருத்துவச்சித் தாளை மேசை நடுவில் வைத்து, 'சரிபார்த்தது' கட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கோடு நேராக வரவில்லை. ஸ்கேல் தன் ஸ்கேலை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"ஒப்பம் விழுந்தா விழுந்ததுதான்" என்றார் சைட் சார்.

"பாக்காம போட்டது செல்லாதாம் சார். பலகைல இருக்கு."

கணக்கர் சிரித்த சிரிப்பில் பகடை உருண்டு கீழே விழுந்தது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க வராது. கணக்கர் எழுதிவைக்கும் ஆட்டப் பதிவேட்டைப் போன வாரமே படித்திருந்தேன். பதினோரு மாதத்தில் ஏழு சாவு. ஏழிலும் கட்டுப்போட நேரமே இருக்கவில்லை. பள்ளம், கூரை, விஷ அம்பு, மறுபடி பள்ளம். "உங்களுக்கு மருந்து குறையல. முன்னாடி போய்ப் பாக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. அன்னைக்குத் தூசி இல்லாத தரையை நான் கவனிச்சேன். சொல்லல. அக்கா, மன்னிச்சுக்கங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "கவனிச்சியா?"

"ம்."

"பாவி" என்றாள். பிறகு தன் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப கட்டு யாரு போடறது?" என்று ஸ்கேல் கேட்க, புது வேஷம் எடுக்க வேண்டிய அக்காவை எல்லோரும் பார்த்தோம்.

"இந்தப் பக்கமே பாக்காதீங்க. காலையிலேர்ந்து போன்ல ஊரு புண்ணுக்கெல்லாம் நான்தான் மருந்து போடறேன். எனக்கு மறுபடி நெருப்புதான்."

கணக்கர் மெதுவாகத் தன் வாளைக் கீழே வைத்தார். வைக்கிற மாதிரி கையால் நடித்தார். "நான் எடுத்துக்கறேன். எந்த வேஷம் எடுத்தாலும் வாளையே தூக்கித் தூக்கித் தோள்பட்டை வலிக்குது." சாகாமலே எங்கள் இரண்டு பேர் வேஷமும் மாற, இந்த ஒரு தடவை மட்டும் சைட் சார் ஒத்துக்கொண்டார்.

மார்ச் 27, வியாழன்

அண்ணன் இன்னொரு படிவத்தோடு வந்தான். "நீயே எழுது. எழுதிட்டு வா, நான் பாக்கிறேன்" என்றேன். "பெரிய ஆபீசராயிட்டா" என்று முனகிக்கொண்டே பேனா தேடினான். முகவரியில் இரண்டு தப்பு. வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 5, சனி

இந்த வாரம் திருப்பி அனுப்பிய தாள்கள் ஒன்பது. ஐந்து ஸ்கேலுடையவை. ஒவ்வொன்றையும் வாங்கும்போது, "கொடுமைக்காரி" என்கிறார்.

கிளினிக் படிக்கட்டுக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. அடியில் நிமிர்ந்து நின்று ஸ்கேல் படம் எடுத்து அனுப்பியிருந்தார். தலைக்கு மேல் கையகலத்துக்கு மேலேயே இடம் இருக்கிறது.

மத்தியானம் ஆட்டத்தில் பெரிய கதவு. இரும்பு. ஸ்கேல் வழக்கம்போல, "எட்டி உ..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். தூக்கிய காலை இறக்குவதுபோல் மேசைக்கடியில் ஒரு சத்தம். என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உள்ள என்ன இருக்கு?"

எல்லோரும் காத்திருந்தார்கள். நான் பகடையை எடுத்தேன்.

"இருங்க, பாத்துட்டு வரேன்."