மாணவியும் இல்லை, பெரியவரும் இல்லை

அனுப்புநர்:
துணிக்கடை மடிப்பு வேலையாள்,
மாடி வீடு, விளையாட்டுக் கூடத்தின் பின் தெரு.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மாலை இறகுப்பந்துப் பயிற்சிக்கு என்னிடம் பெரியவர் கட்டணம் கேட்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்குப் பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். நேரில் வந்தால் பேச்சு வராது என்பதால் எழுதுகிறேன்.

1. இதுவரை இலவசமாக இருந்த பயிற்சிக்குச் சென்ற மாதம் கட்டணம் வைத்துள்ளீர்கள். பள்ளி அடையாள அட்டை காட்டுபவர்களுக்கு மட்டும் விலக்கு. சீட்டுக் கொடுக்கும் அண்ணன், "வேலைக்குப் போறல்ல? அப்ப நீ பெரிய ஆளும்மா, முழுக் கட்டணம்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் கடை முதலாளி என்னைச் சின்னப் பிள்ளை என்று சொல்லித்தான் அரைச் சம்பளம் தருகிறார். இருவரும் ஒரே மாதிரி சொன்னால் சமாளித்துக்கொள்வேன்.

2. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட சட்டைகளை மடித்து அட்டை செருகுவது என் வேலை. அதற்குப் பேச்சு தேவையில்லை. நான் வீடு திரும்பும்போது அம்மா இரவு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் இரட்டையர் ஆட்டத்தில் இருவருக்கும் நடுவே பந்து வந்தால், எடுப்பவர் குரல் கொடுத்தே ஆக வேண்டும். முதல் வாரம் நான் வாய் திறக்காமல் பாய்ந்ததில் ஜோடிப் பெண்ணின் மட்டை என் மூக்கைப் பதம் பார்த்தது. பிறகு "நான், நான்" என்று கத்தப் பழகினேன். அதனால் கூடத்தில் எனக்கு ஸ்பீக்கர் என்று பெயர். நான் சத்தமாகப் பேசியது அங்கே மட்டும்தான்.

3. ஜோடிப் பெண் தன் தோழியின் பள்ளி அட்டையைக் காட்டி உள்ளே வரச் சொன்னாள். படத்தில் இருப்பது நான் இல்லையே என்று மறுத்துவிட்டேன். இப்போது அவளுக்கு வேறு ஜோடி. நேற்று சன்னல் வழியாகப் பார்த்தேன். பந்து நடுவே வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, அது கீழே விழுந்தது. வெளியே நின்ற நான் "நான்" என்று சொல்லிவிட்டேன். யாருக்கும் கேட்கவில்லை.

ஆகவே, பள்ளி அட்டையைப் பார்க்காமல் வயதைப் பார்த்து விலக்கு அளிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். பிறப்புச் சான்றிதழ் நகலை இணைத்துள்ளேன். கூட்டமில்லாத நேரத்தில் விட்டாலும் போதும் என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். ஆட்கள் இருக்கும் நேரத்திலேயே வேண்டும், ஐயா.

நாள்: ஜூன் 9, ஞாயிறு
இடம்: விளையாட்டுக் கூட வாசற்படி

பணிவுடன்,
ஸ்பீக்கர்
(சீட்டுக் கொடுக்கும் அண்ணனுக்கு என்னைத் தெரியும்.)