பல் வலியும் பல வலியும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் பல் வலி தேவலையா? அந்தப் பக்கம் வச்சு மெல்லாதே.

நான் வரைஞ்சுக்கிட்டிருந்த ஃபான்ட் முடிஞ்சுதான்னு கேட்டிருந்தே. முடிஞ்சுது. ஒவ்வொரு எழுத்தும் கையால வரைஞ்சது, கோடெல்லாம் தலைமுடி மாதிரி மெல்லிசு. கடைப் பலகையிலயும் புத்தக அட்டையிலயும் பெரிசா நின்னா கண்ணை எடுக்க முடியாது. பொடி எழுத்துக்கு ஆகாதுன்னு முதலாளிகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்காம ஒரு மருந்து டப்பாவுல போட்டுட்டார். அச்சாகி வந்த மாதிரி டப்பாவுல 'ல்' மேல புள்ளியே விழலை. 'பல் வலிக்கு' மருந்து, 'பல வலிக்கு' மருந்தாயிடுச்சு! ஆபீஸே சிரிச்சுது.

முதலாளி சிரிக்கலை. "கோட்டைத் தடிமனாக்கு, ரெண்டுக்கும் ஆகும்"னார்.

"தடிமனாக்கினா அது வேற எழுத்து. டப்பாவுக்கு வேற ஃபான்ட் ஆயிரம் இருக்கு. இதுல யாரையும் கை வைக்க விடமாட்டேன்"னேன்.

"அப்போ வேற வேலை பாத்துக்கோ."

"பாத்துக்கறேன்."

நீ பதறாதே. மறுநாளும் போய் என் நாற்காலியிலதான் உக்காந்தேன். இதுவரைக்கும் யாரும் எழுப்பலை. எழுப்பினாலும் கோடு தடிக்காது.

ஒரு உதவி. இனிமே வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், பேப்பர்ல எழுதி அனுப்பு. என்ன சமைச்சே, யார் வந்துட்டுப் போனாங்க, எதுவானாலும் சரி. அடுத்த ஃபான்ட்டை உன் கையெழுத்தைப் பாத்து வரையத்தான், வேறொண்ணுமில்லை.

முதலாளி இந்தப் பக்கமே பாக்கறார், முடிச்சுக்கறேன். எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பல வலி மருந்து நிஜமாவே கடைக்கு வந்தா, எனக்கும் ஒரு டப்பா வாங்கி வை.

உன் பிடிவாதம் அப்படியே வாய்ச்ச
மகள்