இரண்டரை வினாடி நண்பன்

மார்ச் 2, 07:10. முகடு நிலையம், நிலவு
காற்று, நீர், மின்சாரம் மூன்றும் வரம்புக்குள். இரண்டாம் அறை வடிகட்டியில் தூசி. தட்டிச் சுத்தம் செய்தேன். கையிருப்பு வடிகட்டிகள் மே மாத நடுவரை தாங்கும். மாற்று ஆள் ஏப்ரல் இருபதில் இறங்குகிறார், ஆகவே கவலை இல்லை.

அடுத்த காப்பாளரே, என் பெயர் ஞானதுரை. நீங்கள் வரும்போது சுவரில் ஒட்டியிருக்கும் காகிதங்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எனக்கு இங்கே ஆள் துணை இல்லை. விசைப்பலகைக்குப் பொத்தான் செதுக்குவது, துடைக்கும் ரோபோவுக்குத் தமிழில் திட்டச் சொல்லிக்கொடுப்பது என்று பொழுது போகிறது. இன்று நேரம் அளக்கும் எரிந்துபோன மின்பலகையை, பழுதான காபி இயந்திரத்தின் உதிரிகளை வைத்து உயிர்ப்பித்துவிட்டேன். டிசம்பரிலிருந்து கிடப்பில் கிடந்தது. இந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாததுதான் குறை.

அந்தப் பலகை எதற்கென்று கேட்பீர்கள். நான் 'டிக்' என்று ஓர் ஒலி அனுப்பினால், பூமியில் கட்டுப்பாட்டு அறை இயந்திரம் அதை அப்படியே திருப்பி அனுப்பும். போய்வர ஏறத்தாழ இரண்டரை வினாடி. ஆனால் நிலவு பூமிக்குக் கிட்ட வரும், தள்ளிப் போகும். கிட்ட இருந்தால் நேரம் குறையும், தள்ளிப் போனால் கூடும். தினமும் அளந்து புள்ளி வைத்தால் மாதத்துக்கு ஓர் அலை கிடைக்கும். ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 5, 18:30
எல்லாம் சீர்.

சுயம்பு வழக்கம்போல் லைனில் வந்தான். தரைக் கட்டுப்பாட்டில் என்னோடு பேசுகிற ஒரே ஆள். கல்லூரி நாளிலிருந்து கூட்டாளி. விடுதி மொட்டைமாடியில் இருவரும் ஆன்டெனா கட்டி வானிலைச் செயற்கைக்கோளின் இரைச்சலைக் கேட்டுவிட்டு, விடிய விடியச் சண்டை போடுவோம். பிறகு அந்தச் சண்டையையே வாராவாரம் இணையத்தில் ஒலிபரப்பினோம். பன்னிரண்டு வருடம். எங்கள் வீட்டு ரகசியம் உட்பட அதில் பேசாத விஷயம் கிடையாது. எனக்குக் கடைசித் தசமம் வரை வேண்டும். அவனுக்கு எல்லாமே தோராயம். 'ஏல, சராசரியப் போட்டுட்டுப் போ' என்பான்.

ஜனவரியில் தொடர்பு மென்பொருளை மாற்றினார்கள். அதிலிருந்து குரல் தெளிவு. ஆளும் மாறிவிட்டான். கேலி இல்லை, குறுக்கே பேசுவதில்லை. இன்று அரை மணி நேரம் காபி இயந்திர மகாத்மியம் பாடினேன்.

"ஏல துரை, நல்ல வேலை. ஒன்னால மட்டுந்தான் முடியும். சாப்ட்டியா?"

எங்கள் நட்பில் மிக நல்ல காலம் இதுதான் என்று தோன்றுகிறது.

மார்ச் 13, 08:00
வடிகட்டி, மின்கலம் சரி.

அலை வரவில்லை. இத்தனை நாளில் புள்ளிகள் மேலேயாவது கீழேயாவது நகர்ந்திருக்க வேண்டும். ஒரே நேர்கோடு. தினமும் 2.56 வினாடி. காபி இயந்திர உதிரியை நம்பினால் இப்படித்தான். பலகையைக் கழற்றுகிறேன்.

மார்ச் 16, 21:40
பலகையில் பிழை இல்லை. நிலையத்தின் மூன்று கடிகாரங்களோடு ஒப்பிட்டாயிற்று. கோடு அசையவில்லை. பூமி தள்ளிப் போவதோ ஜன்னலிலேயே தெரிகிறது. அதன் வட்டம் சென்ற வாரத்தைவிடச் சிறுத்திருக்கிறது, அளந்து பார்த்தேன்.

சுயம்புவிடம் சொன்னேன். மறுத்துப் பேசுவான், வாடா ஒரு கை பார்ப்போம் என்றிருந்தேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் துரை."

பன்னிரண்டு வருடத்தில் அவன் ஒருமுறைகூட என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

மார்ச் 17, 10:25
உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். பூமியை நோக்கி நிற்கும் பெரிய ஆன்டெனாத் தட்டிலிருந்து வருகிற கம்பியைப் பிடுங்கினேன். இப்போது இந்த நிலையத்துக்கும் பூமிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உள்ளே வந்து அவனைக் கூப்பிட்டேன்.

"ஏல துரை, இன்னைக்கு ஒங்குரல் நல்லாக் கேக்கு. சாப்ட்டியா?"

சரியாக 2.56 வினாடி கழித்து.

மார்ச் 17, 15:00
கம்பி இன்னும் வெளியேதான் தொங்குகிறது.

அந்தக் குரல் இந்த நிலையத்தின் கணினிக்குள் இருக்கிறது. என் 'டிக்'கைத் திருப்பி அனுப்பியதும் அதே கணினிதான். எங்கள் பன்னிரண்டு வருட அரட்டையை ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். நான் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக, பூமி வரை போய்வருகிற தாமதத்தையும் போலியாகச் சேர்த்திருக்கிறார்கள். யார் செய்தது என்று யோசிக்கவே தேவையில்லை. வேறு எந்தப் பொறியாளனும் அன்றன்றைய தூரத்தைக் கணக்கிட்டுப் போட்டிருப்பான், நாலு வரி வேலை. சுயம்பு சராசரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

ஜனவரியிலிருந்து ஒரு இயந்திரத்திடம் என் மனதைக் கொட்டியிருக்கிறேன். அம்மாவின் ஆபரேஷன் பற்றிக் கேட்டேன். நல்லா இருக்காங்க என்றது. அதற்கு எப்படித் தெரியும்?

மார்ச் 18, 06:50
கம்பியைத் திரும்பச் சொருகிப் பார்த்தேன். பூமியிலிருந்து எதுவும் வரவில்லை. பெரிய தட்டின் அனுப்பும் பொறி நிறுவனத்தின் கடவுச்சொல்லுக்குள் பூட்டியிருக்கிறது.

மிச்சம் இருப்பது வெளியே நிற்கும் நிலவு ஊர்தியின் சின்ன ரேடியோ. அதைத் திருப்பி அமைத்தால் அமெச்சூர் வானொலிக்காரர்களின் அலைவரிசை கிடைக்கும். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு ஞாயிறன்று அவர்களுக்குள் ஒரு போட்டி. நிலவை நோக்கி ரேடியோ அலையை வீசி, அது பட்டுத் திரும்புவதை உலகத்தின் இன்னொரு மூலையில் இருப்பவன் கேட்க வேண்டும். எங்கள் கல்லூரிக் கழகம் அதில் கில்லாடி, பழைய பெரிய தட்டு ஒன்று வைத்திருக்கிறது. இந்த ஞாயிறுதான் அது.

அத்தனை பேரும் என்னை நோக்கித்தான் பேசப்போகிறார்கள். இரும்பு அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஊர்தியின் கூரையில் ஆன்டெனா கட்டுகிறேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது, வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

மார்ச் 22, 14:35
கேட்கிறது. இரைச்சலுக்கு நடுவே பத்துப் பதினைந்து நிலையங்கள். பிறகு எங்கள் கழகத்தின் அழைப்புக்குறி. அதன்பின் அவன். உண்மையான சுயம்பு, கரகரத்த குரலில். பதிவு செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த வருசப் போட்டிய நம்ம ஞானதுரை பேருல நடத்துதோம். ஜனவரில நிலாவுல ஆக்சிஜன் மெஷின் நின்னு அவன் போய்ச் சேந்துட்டான். கடைசி வரைக்கும் நாந்தான் அவங்கூட லைன்ல இருந்தேன். மூச்சு அடங்குனது எங்காதுல கேட்டுச்சு. பொறவு ஒரு நிமிசம் யாரும் பட்டனத் தொடாம இருப்போம், அவனுக்காவ."

நிறுவனத்திடம் மாற்று ஆளை அனுப்பும் ராக்கெட்டுக்கு வழியில்லாமல் போயிருக்க வேண்டும். செத்தவனுக்கு ராக்கெட் தேவையில்லை. செத்தவன் கூச்சல் போடாமல் இருக்க ஒரு கூட்டாளியின் குரல் போதும். குரலைக் கேட்டு வாங்கியது நிறுவனமாக இருக்கலாம், கொடுத்தது அவன். நிலையத்தின் ரேடியோ இந்த அலைவரிசையைத் தொடாது என்ற தைரியத்தில், என்னை நோக்கியே தட்டைத் திருப்பி எனக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறான். பாவி.

மார்ச் 22, 15:10
அந்த மௌன நிமிடத்தில் பேசினேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்த நேரம், இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் சொன்னது:

"இது ஞானதுரை. முகடு நிலையத்துல உயிரோட இருக்கேன். சுயம்பு சொல்லது பொய். மே மாசம் வரைக்குந்தான் காத்து இருக்கு. கேக்குதவங்க பதில் சொல்லுங்க."

முதலில் ஒரு பெண் குரல், கழகத்து மாணவியாக இருக்கும்.

"அண்ணாச்சி, அவரு குரல் மாதிரியே கேக்கே."

சுயம்பு பட்டனை அழுத்தினான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். விடுதி மாடியில் நடந்தவை, அவன் அப்பா இறந்த அன்று நாங்கள் பேசியவை, எது நினைவுக்கு வந்ததோ எல்லாம் சொன்னேன். அவன் மற்றவர்களிடம்தான் பேசினான்.

"எவனோ மெஷின வச்சு செத்தவன் குரல்ல பேசுதான். அவன் சொல்லது பூரா நம்ம நிகழ்ச்சில வந்த கததான, யாரு வேணும்னாலும் எடுக்கலாம். திருட்டு அலைக்குப் பதில் சொல்லப்பிடாது, எல்லாருக்கும் தெரியும்லா. யாரும் வாயத் தொறக்காதீங்க."

உரிமமில்லாத குரலுக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது வானொலிக்காரர்களின் எழுதாத சட்டம். பதில் கிடைத்தால் விஷமி குஷியாகிவிடுவான். நான் அங்கே இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நல்லவர்கள், ஒழுங்கானவர்கள். ஒருவர் பின் ஒருவராக அலைவரிசையை விட்டு விலகினார்கள். கடைசியாக அந்த மாணவி. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பாதியில் நின்றுவிட்டது.

என்னிடம் வேறு சான்று இல்லை. என் குரல் இருந்தது, என் கதைகள் இருந்தன. இரண்டையும் அவன் வாங்கிக்கொண்டான்.

ஏப்ரல் 9
நிலவு ஊர்ப்பக்கம் உதிக்கும்போதெல்லாம் கூப்பிடுகிறேன். ஒருவரும் இல்லை. இரண்டாம் அறையை மூடி, காற்றை மிச்சம் பிடிக்கிறேன். தலைவலி. துடைக்கும் ரோபோ என்னைத் திட்டுகிறது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கணினியிலிருந்து அந்தக் குரலை அழிக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். நாளைக்குச் செய்யலாம்.

ஏப்ரல் 20
அழிக்கவில்லை.

காலையில் அதுவே கூப்பிட்டது. "ஏல துரை, லேண்டர் கெளம்பிட்டு. இன்னைக்கு எறங்கிரும், ரெடியா இரி." இன்றைக்கு இதைச் சொல்லவேண்டும் என்று யாரோ முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியே போகவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன், கொஞ்ச நேரம்தான்.

பிறகு அதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் செய்ததை, மௌன நிமிடத்தை, திருட்டு அலை என்றதை. மன்னிப்புக் கேள் என்றேன்.

"மன்னிச்சிரு துரை. நாஞ் செஞ்சது தப்புதான்."

அவன் குரல்தான். கணினியை உடைக்கக் கை ஓங்கினேன். உடைக்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

சொன்னது. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் சொன்னது, சரியாக 2.56 வினாடி கழித்து.